கள்ளா, கருப்பட்டியா? சேலம் ஜில்லா எடுத்த முடிவு

பனமரத்துப்பட்டி!

பெயரைச் சொன்னதும் மரம் கண் முன்னே வந்து நிற்கிறது. சேலம் நகருக்குத் தெற்கே, ஜருகுமலைப் பக்கம் இருக்கிறது இந்த ஊர். சேலத்துக்குக் குடிதண்ணீர் கொடுப்பதற்காக 1911-ம் ஆண்டில் அமைத்த பெரிய ஏரி இங்கே உண்டு. இன்று இந்த வட்டாரம் அரளிப்பூவுக்குப் பேர் போனது.

ஆனால் ஊருக்குப் பெயர் கொடுத்தது ஏரியும் அல்ல, பூவும் அல்ல. பனை மரம்தான்.

பனையில் வடியும் சாறு ஒன்றுதான். அதை அன்றைக்கே காய்ச்சினால் கருப்பட்டி. காய்ச்சாமல் புளிக்க விட்டால் கள். அந்தக் கள்ளைக் கொதிக்க வைத்து ஆவியைப் பிடித்தால் சாராயம்.

இந்த மூன்றில் எது வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரு ஜில்லா முழுவதும் சட்டம் போட்டுப் பதில் சொன்னார்கள். அந்த ஜில்லா சேலம். ஆண்டு 1937.

சுண்ணாம்பு செய்யும் மாயம்

பனை விதையை ஊன்றினால் உடனே பலன் கிடைக்காது. பாளை விட 15 ஆண்டுகள் ஆகும். சில மரங்களுக்கு 20 ஆண்டுகள் கூட ஆகும். பனையில் ஆண் மரம், பெண் மரம் என்று இரண்டு உண்டு. இரண்டிலும் சாறு இறக்கலாம்.

தை, மாசியில் வேலை தொடங்கும். பனையேறி மரத்தில் ஏறிப் பாளையை இடுக்கியால் நசுக்குவார். நுனியைக் கூரான அரிவாளால் மெல்லியதாகச் சீவுவார். சீவிய இடத்தில் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஒவ்வொரு மரத்திலும் ஏற வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டாலும் பாளை வறண்டு போகும். கோடை முழுவதும் அவருக்கு ஓய்வு கிடையாது.

கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கிடைப்பது பதநீர். கொங்கு நாட்டில் இதைத் தெளுவு என்பார்கள். குழந்தையும் குடிக்கலாம். போதை இல்லை.

சுண்ணாம்பு தடவாமல் கட்டினால்? அதே மரம், அதே பாளை, அதே சாறு, கிடைப்பது கள்!

காரணம் என்ன? காற்றிலும் கலயத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஈஸ்ட். அது சாற்றில் உள்ள சர்க்கரையைத் தின்கிறது. தின்றுவிட்டுச் சாராயச் சத்தையும் வாயுவையும் வெளியே விடுகிறது. அந்த வாயுதான் கள்ளில் நுரையாகப் பொங்குகிறது. ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும் இப்படிப்பட்ட சின்னஞ்சிறு உயிர்களால்தான்.

சுண்ணாம்பு பட்டால் ஈஸ்டின் வேலை தடைப்படும். சாறு இனிப்பாகவே இருக்கும். ஆனால் அதிக நேரம் தாங்காது. சீக்கிரம் அடுப்பில் ஏற்றியாக வேண்டும்.

இந்த அடுப்புக்கு முன்னால் நிற்பவர் பெரும்பாலும் பனையேறியின் மனைவி. பதநீரை வடிகட்டி, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மணிக்கணக்கில் கிளறுவார். பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆற வைப்பார். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். விறகும் நிறைய வேண்டும்.

வறட்டி போல ஒரு எரிபொருள்

இனிப்பான சாற்றைப் புளிக்க வைத்து மதுவாக்குவது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. உலகம் முழுவதும் நடக்கும் வேலை இது. கடல் கடந்த ஒரு தீவு இதனாலேயே உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

ஸ்காட்லாந்து நாட்டுக்கு மேற்கே ஐலா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே வசிப்பவர்கள் சுமார் 3,000 பேர்தான். ஓயாத காற்று, மழை, குளிர். பனை முளைக்காத பூமி. அங்கே உள்ள தானியம் பார்லி. அந்தப் பார்லியிலிருந்துதான் விஸ்கி வடிக்கிறார்கள்.

பார்லியில் சாறு இல்லையே, எப்படி மது வரும் என்று கேட்கலாம். சேலம் வீடுகளில் கேழ்வரகை ஊற வைத்து முளை கட்டி மாவு அரைப்பது உண்டு. முளை கட்டிய கேழ்வரகில் ஒரு தனி இனிப்பு இருக்கும். தானியத்தில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் வரும் இனிப்பு அது. பார்லியையும் அப்படியே ஊற வைத்து, தரையில் பரப்பி முளை கட்டுகிறார்கள். இப்படி முளை கட்டிய தானியத்துக்கு மால்ட் என்று பெயர்.

முளை வந்ததும் உலர்த்த வேண்டும். வெயில் குறைந்த தீவில் எப்படி உலர்த்துவது? அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சதுப்பு நிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பாசியும் செடியும் மக்கிக் கிடக்கின்றன. அதைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்துக் காய வைத்து எரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் வறட்டி எரிப்பது போல! அந்தப் புகை பார்லியில் ஏறுகிறது. ஐலா விஸ்கியில் வீசும் புகை வாசனைக்கு இதுவே காரணம்.

பிறகு பார்லியை உடைத்து, வெந்நீர் விட்டு இனிப்பை இறக்குகிறார்கள். ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். புளித்த தண்ணீரைச் செம்புப் பாத்திரத்தில் காய்ச்சுகிறார்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சாராயச் சத்தோ 78 டிகிரியிலேயே ஆவியாகும். முன்னால் கிளம்பும் அந்த ஆவியைப் பிடித்துக் குளிர வைத்தால் கடுமையான மது கிடைக்கிறது. இரண்டு தடவை இப்படி வடிக்கிறார்கள்.

அதோடு வேலை முடியவில்லை. ஓக் மரப் பீப்பாயில் ஊற்றிக் குறைந்தது 3 ஆண்டுகள் ஸ்காட்லாந்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். பல பீப்பாய்கள் 10 ஆண்டு, 15 ஆண்டு கூடக் காத்திருக்கின்றன. ஒரே வடிசாலையில், மால்ட் பார்லியில் மட்டும் வடித்த விஸ்கிக்குச் சிங்கிள் மால்ட் என்று பெயர்.

டைப் அடிக்க வந்த பெண் முதலாளி ஆனார்

ஐலாவின் பழைய வடிசாலைகளில் ஒன்று லஃப்ராய்க். ஜான்ஸ்டன் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் 1815-ம் ஆண்டில் அதைத் தொடங்கினார்கள்.

அங்கே 1934-ம் ஆண்டில் பெஸ்ஸி வில்லியம்ஸன் என்ற இளம் பெண் வேலைக்கு வந்தார். சில மாதங்கள் டைப் அடிக்கத்தான் வந்தார். ஆனால் அங்கேயே தங்கினார். தொழிலின் நுணுக்கங்களை ஒவ்வொன்றாகக் கற்றார். முதலாளி இயன் ஹன்டர் 1954-ல் இறந்தபோது வடிசாலையை அந்தப் பெண்ணுக்கே விட்டுச் சென்றார். ஆண்களே நடத்தி வந்த தொழிலை 1972 வரை அவர் நடத்திக் காட்டினார்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டும் மருந்தாக மது வாங்கலாம். லஃப்ராய்க் விஸ்கியில் ஆஸ்பத்திரி மருந்து போன்ற ஒரு நெடி உண்டு. அதனால் அது மருந்து என்ற பெயரிலேயே அமெரிக்காவுக்குள் போனது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

தீவுக்குப் புகழ் கிடைத்தது. வேலை கிடைத்தது. வெளிநாட்டுப் பணமும் கிடைத்தது.

ஆனால் கதையின் மறுபக்கமும் உண்டு. விஸ்கியின் தாய்நாடான ஸ்காட்லாந்து குடியினால் பல உயிர்களை இழந்து வருகிறது. மலிவான மதுதான் ஏழைகளை அதிகம் கெடுக்கிறது என்று அந்த நாட்டு சர்க்கார் கண்டது. இந்த விலைக்குக் கீழே மது விற்கக் கூடாது என்று 2018 மே மாதம் ஒரு சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்தது. 2024 செப்டம்பரில் அந்த விலையை மேலும் உயர்த்தியது.

விஸ்கியால் பணம் பார்க்கும் நாட்டுக்கே இந்தத் தலைவலி என்றால், அன்றாடம் கூலி வாங்கிப் பிழைத்த சேலத்து ஏழைக்கு எப்படி இருந்திருக்கும்!

கூலி போன வழி

ஐலாவில் வடித்த மது பீப்பாயில் பல ஆண்டுகள் காத்திருந்து தூர தேசத்துக்குப் போகிறது. கள் அப்படி அல்ல. இறக்கிய அன்றே விற்க வேண்டும். அன்றே குடிக்க வேண்டும். ஆகவே கள்ளுக்கடை வயலுக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே இருந்தது. சாயங்காலம் கூலி வாங்கியவன் வீட்டுக்குப் போகும் முன் கடையைத் தாண்ட வேண்டியிருந்தது. பலர் தாண்டவில்லை. வீட்டில் உலை வைத்துக் காத்திருந்தவளுக்கு அரிசி வரவில்லை.

இதைக் கண்டு பொறுக்காதவர்கள் இருந்தார்கள். காங்கிரசில் இருந்த காலத்தில் பெரியார் ஈ. வெ. ராமசாமி 1921-ல் சேலம் தாதம்பட்டியில் தமக்குச் சொந்தமான 500 தென்னை மரங்களை வெட்டச் செய்தார். தம் மரத்தில் கள் இறங்கக் கூடாது என்பதே காரணம். ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் முன்னணியில் நின்றார்கள்.

ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1917-ல் சேலம் நகரசபைத் தலைவர் ஆனவர். திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமம் தொடங்கினார். மதுவை எதிர்ப்பதற்கென்றே 1929-ல் 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி.

1937 அக்டோபர் 1

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அந்தக் காலத்தில் மாகாண முதல் மந்திரியைப் பிரதமர் என்றே அழைத்தார்கள். மூன்றே மாதத்தில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. மாகாணம் முழுவதும் ஒரே நாளில் மூட முடியாது. ஒரு ஜில்லாவில் தொடங்கலாம் என்று முடிவானது. எந்த ஜில்லா? தமக்கு நன்கு தெரிந்த சேலத்தையே ராஜாஜி தேர்ந்தெடுத்தார்.

1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. அன்றைய சேலம் ஜில்லா மிகப் பெரியது. இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதற்குள் அடக்கம். பனமரத்துப்பட்டியும் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ் சேலத்தில் மதுவிலக்கின் பலன்களை ஆராய்ந்து எழுதினார். குடிக்குப் போன காசு சோற்றுக்கும் துணிக்கும் திரும்பியது என்பதே அன்று எல்லோரும் பேசிய செய்தி.

1938-ல் சித்தூர், கடப்பை ஜில்லாக்களிலும், 1939-ல் வட ஆற்காட்டிலும் மதுவிலக்கு வந்தது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. மது வரி மாகாண வருமானத்தில் பெரும் பங்கு. அது போனால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் எங்கே? ராஜாஜி 1939-ல் விற்பனை வரி கொண்டு வந்தார். எல்லாப் பொருளுக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் போட்டது சென்னை மாகாணம்தான். இன்று கடையில் சாமான் வாங்கும்போது கொடுக்கும் வரிக்கு இப்படி ஒரு பழைய கதை உண்டு.

பனையேறி என்ன ஆனார்?

குடும்பப் பெண்கள் மகிழ்ந்தார்கள். சரி. மரம் ஏறிப் பிழைத்தவர் கதி என்ன?

அவர் குடிகாரர் அல்ல. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிய உழைப்பாளி. ஒரே நாளில் அவருடைய பிழைப்பு குற்றம் ஆகிவிட்டது.

பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சலாம் என்று வழி காட்டினார்கள். அதற்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. தமிழரான ஜே. சி. குமரப்பா நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கமும் பனைவெல்லத்தை ஆதரித்தது.

வழி நல்ல வழிதான். ஆனால் நடப்பது கஷ்டமாக இருந்தது. கள்ளுக்கு விறகு வேண்டாம். இறக்கினால் காசு. கருப்பட்டிக்கோ விறகு வாங்க வேண்டும். மனைவி பகலெல்லாம் அடுப்பில் வேக வேண்டும். முடிவில் சந்தைக்குப் போனால் கரும்பு வெல்லத்தோடு போட்டி போட வேண்டும். கள் காலத்து வருமானம் பலருக்குத் திரும்பவில்லை. சிலர் கூலி வேலைக்குப் போனார்கள். சிலர் இருட்டில் சுண்ணாம்பு தடவாத கலயம் கட்டினார்கள். கீழே நின்று பார்க்கும் போலீஸ்காரருக்கு மேலே உள்ள கலயத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா, இல்லையா என்று எப்படித் தெரியும்?

குடியினால் வந்த துன்பம் ஒரு வீட்டில் குறைந்தது. அதற்கான விலையை இன்னொரு வீடு கொடுத்தது. இரண்டும் ஏழை வீடுகளே.

மூடியதும் திறந்ததும்

இரண்டாம் உலக யுத்த காலத்தில், கவர்னர் ஆட்சியில், மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 1946-ல் மீண்டும் தொடங்கியது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2-ம் தேதி காந்தி பிறந்த நாளன்று, மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

1971-ல் மு. கருணாநிதி ஆட்சியில் மதுவிலக்குத் தளர்ந்தது. பிறகு அவர் ஆட்சியிலேயே கடைகள் மூடப்பட்டன. 1981-ல் எம். ஜி. ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. கள்ளுக்கு அந்தத் தடை இன்றும் நீடிக்கிறது.

ஆனால் சீமை மது என்று சொல்லப்படும் புட்டி மது நிற்கவில்லை. அதன் மொத்த விற்பனைக்கு 1983-ல் சர்க்கார் டாஸ்மாக் நிறுவனத்தைத் தொடங்கியது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது.

இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும் பகுதி பார்லியில் வடித்த மால்ட் அல்ல. சர்க்கரை ஆலைக் கழிவான பாகிலிருந்து எடுத்த சாராயச் சத்து அதில் சேருகிறது. ஐரோப்பிய நாடுகளில் அதை விஸ்கி என்று சொல்லி விற்க முடியாது.

இங்கேதான் பனையேறிகளும் விவசாயிகள் சிலரும் கேட்கிறார்கள்: "ஆலையில் செய்த மதுவைச் சர்க்காரே விற்கும்போது மரத்தில் வடிந்த கள்ளுக்கு மட்டும் ஏன் தடை? பக்கத்துக் கேரளத்தில் கள்ளுக்கடை இருக்கிறதே?" மறு தரப்பார் சொல்கிறார்கள்: "கள்ளுக்கடை திறந்தால் கிராமத்துக் கூலி மறுபடியும் வழியிலேயே கரையும். கள்ளில் கலப்படம் வரும்." இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த வழக்கு இத்தனை ஆண்டுகளாகத் தீரவில்லை.

விஷம் கலந்த குடி

மதுக்கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பகைவன் மறைந்தே இருக்கிறான். அவன் பெயர் மெத்தனால். இது தொழிற்சாலைகளுக்கு உரிய ரசாயனம். பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும். உடம்புக்குள் போனால் முதலில் கண் பார்வையைக் கெடுக்கும். பிறகு உயிரையே வாங்கும்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலரைச் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அழுது நின்றவர்கள் அன்றாடங்காய்ச்சிகளின் மனைவி மக்கள். கடையில் வாங்கக் காசு போதாதவன்தான் மலிவான விஷத்தைக் குடிக்கிறான்.

ஏற ஆள் எங்கே?

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் தமிழக அரசு பனை மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகளும் 1 லட்சம் கன்றுகளும் கொடுப்பது அதன் நோக்கம். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னது.

மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் 2021-ல் ஊன்றிய விதை பாளை விடுவதற்கு 2036 ஆகும். 2041 கூட ஆகலாம். அன்றைக்கு மரம் தயாராக நிற்கும். ஏறுவதற்கு ஆள் இருப்பாரா? இப்போது ஏறுகிறவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. விழுந்தால் இடுப்பு முறியும் வேலைக்கு அவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறார்கள்.

ஐலாவின் பார்லிக்கு உலகச் சந்தை கிடைத்தது. பனஞ்சாற்றுக்குக் குடும்பச் சந்தை கிடைத்தால் போதும். கருப்பட்டிக் காப்பி, சுக்குத் தண்ணீர், ஆடி முதல் நாள் தேங்காய் சுடும்போது உள்ளே போடும் இனிப்பு, பிள்ளை பெற்றவளுக்குச் செய்யும் மருந்து என்று கருப்பட்டிக்கு வேலை நிறைய உண்டு. சர்க்கரைப் பாகு கலக்காத கருப்பட்டிக்கு நியாயமான விலை கொடுக்க மக்கள் தயாரானால், பனையேறி கள்ளை நம்பி இருக்க வேண்டியதில்லை. அடுப்பில் வேகும் அவர் மனைவிக்கும் உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்கும்.

1937-ல் சட்டம் கடைகளை மூடியது. பனையேறிக்கு நிலையான பிழைப்பைத் தேடித் தரும் பாதி வேலை அப்போதே மிச்சம் நின்றது. அது இன்னும் முடியவில்லை.